அந்தப் பூஜ்ஜியம் எங்கிருந்து வந்தது?

ஜாவா படிக்கத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே சந்திக்கும் ஒரு பிழை உண்டு. வங்கிக் கணக்கு ஒன்றைக் குறிக்கும் சின்ன புரோகிராம். கணக்கு வைத்திருப்பவரின் பெயர், கையிருப்பு என்று இரண்டே விவரங்கள். புதிய கணக்கு தொடங்கும்போது ‘செல்வி, 500’ என்று கொடுக்கிறோம். அடுத்த வரியில் இருப்பைக் கேட்டால் திரையில் 0 வருகிறது. பெயரைக் கேட்டால் ‘நல்’ என்று வருகிறது, அதாவது அங்கே எதுவுமே இல்லை என்று. கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை. புரோகிராம் நடுவில் நின்றுபோகவும் இல்லை. கொடுத்த 500 எங்கே போனது என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் மாணவர்கள் பலர் வரிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஓர் அடைப்புக்குறியை நகர்த்துவது, பக்கத்தில் இருப்பவரின் புரோகிராமைப் பார்த்து அப்படியே எழுதுவது. எப்படியோ 500 வந்துவிடும். எதனால் வந்தது என்று தெரியாது. தனக்கு இது வராது என்ற எண்ணமும் அங்கேதான் முளைக்கிறது. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால் அந்த 0 தற்செயலாக வந்ததே இல்லை. எந்த வழியாக வந்தது என்ற செய்தியைத் தன்னோடு எடுத்துக்கொண்டுதான் திரைக்கு வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பிழையைத் தேட வேண்டியதில்லை. அது தன் இடத்தைத் தானே சொல்லிவிடும்.

முதலில் அந்தப் புரோகிராமைப் பார்ப்போம். ஜாவா யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் மொழி. ஆகவே வேரியபிளுக்கு ‘இருப்பு’ என்று தமிழிலேயே பெயர் வைத்தாலும் கம்பைலர் மறுப்பதில்லை. கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். இங்கே அவற்றை ஒலிப்படி எழுதுகிறேன்.

கிளாஸ் கணக்கு {
    ஸ்ட்ரிங் பெயர்;
    இன்ட் இருப்பு;

    கணக்கு(ஸ்ட்ரிங் பெயர், இன்ட் இருப்பு) {
        பெயர் = பெயர்;
        இருப்பு = இருப்பு;
    }
}

கிளாஸ் என்பது வரையறை. அதை வைத்து ‘நியூ’ என்று சொல்லி உருவாக்கும் ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட். மேலே முதலில் அறிவித்த ‘பெயர்’, ‘இருப்பு’ இரண்டும் இன்ஸ்டன்ஸ் வேரியபிள்கள்: ஒவ்வோர் ஆப்ஜெக்டுக்கும் தனித்தனிப் பிரதி. செல்வியின் இருப்பு வேறு, முருகனின் இருப்பு வேறு. அடுத்து வருவது கன்ஸ்ட்ரக்டர், ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஒரே ஒருமுறை ஓடும் பகுதி. அதற்கு வெளியிலிருந்து வரும் இரண்டு மதிப்புகளுக்கும் ‘பெயர்’, ‘இருப்பு’ என்றே பெயர் வைத்திருக்கிறோம். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இதை இப்படிச் சொல்லிவிட்டு, ‘திஸ்’ என்று முன்னால் போட்டால் சரியாகிவிடும் என்று முடித்துவிடுவது அந்தப் பிழைக்குச் செய்யும் அநியாயம். கொஞ்சம் கீழே இறங்கிப் பார்க்கலாம்.

‘நியூ கணக்கு’ என்றதும் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. பரவலாகப் புழங்கும் 64 பிட் ஜேவிஎம்மின் வழக்கமான அமைப்பில் அந்த இடம் 24 பைட். முதல் 12 பைட் தலைப்பகுதி. இந்த ஆப்ஜெக்ட் எந்தக் கிளாஸைச் சேர்ந்தது என்பது போன்ற விவரங்கள் அதில் இருக்கும். அடுத்து பெயருக்கு 4 பைட், இருப்புக்கு 4 பைட். மொத்தம் 20. ஆப்ஜெக்டின் அளவு எட்டின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் மீதி 4 பைட் வெறுமையாகக் கிடக்கும். அவ்வளவுதான் ‘செல்வியின் கணக்கு’.

இடம் ஒதுக்கியவுடன், கன்ஸ்ட்ரக்டரின் முதல் வரி ஓடுவதற்கும் முன்பே, வேரியபிள்களுக்கு உரிய பைட்டுகளைப் பூஜ்ஜியமாக்கித் துடைத்துவிடுவது ஜேவிஎம்மின் கடமை. இதில் ஓர் அழகு இருக்கிறது. முழு எண்ணாகப் படித்தால் அந்தத் துடைத்த இடம் 0. தசம எண்ணாகப் படித்தால் 0.0. பூலியனாகப் படித்தால் பொய். இன்னோர் ஆப்ஜெக்டின் முகவரியாகப் படித்தால் ‘நல்’. ஒரே வெறுமைதான் நாலு வேஷம் போடுகிறது. சி மொழியில் இப்படித் துடைப்பது கட்டாயமில்லை. அங்கே ஒதுக்கிய இடத்தில் முன்பு யாரோ விட்டுப்போன எண் அப்படியே கிடக்கலாம், ஒவ்வொரு முறையும் வேறு வேறு குப்பை வரலாம். ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் அந்த நிலை தங்கள் மொழியில் வரக் கூடாது என்று தீர்மானித்தார்கள். 1995-இல் மொழி வெளியானதிலிருந்து இந்த விதி மாறவில்லை.

மெத்தடுக்குள் அறிவிக்கும் உள்ளூர் வேரியபிள்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மதிப்பு கொடுக்காமல் அவற்றைப் படிக்க முயன்றால் கம்பைலரே நிறுத்திவிடும். ஏன் இந்தப் பாகுபாடு? ஒரு மெத்தடுக்குள் எந்த வரிக்குப் பின் எந்த வரி ஓடும் என்பதைக் கம்பைலரால் படித்தே சொல்ல முடியும். ஓர் ஆப்ஜெக்டின் மெத்தடுகளை யார், எப்போது, எந்த வரிசையில் அழைப்பார்கள் என்பதை அதனால் சொல்ல முடியாது. முடியாத இடத்தில் பூஜ்ஜியம் காவலுக்கு நிற்கிறது.

ஆகவே திரையில் 0, ‘நல்’ இரண்டும் சேர்ந்து வந்தால் அதன் செய்தி தெளிவு: இந்த இடத்தில் இதுவரை யாரும் எழுதவில்லை. தவறாக எழுதினார்கள் என்பதல்ல, எழுதவே இல்லை. அப்படியென்றால் ‘இருப்பு = இருப்பு’ என்ற வரி எங்கே எழுதியது?

இதற்குப் பதில் சொல்ல இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும். நம் கிளாஸில் பணம் போடுவதற்கு ஒரு மெத்தடும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; ஆயிரம் கணக்குகளைத் திறந்தால், அதற்கு ஆயிரம் பிரதி உண்டாகுமா? இல்லை. ஒவ்வோர் ஆப்ஜெக்டும் சுமப்பது தன் வேரியபிள்களை மட்டும். மெத்தட் ஒன்றே ஒன்று, கிளாஸோடு இருக்கிறது. அப்படியானால் இப்போது தான் செல்விக்காக ஓடுகிறோமா, முருகனுக்காக ஓடுகிறோமா என்று அந்த மெத்தடுக்கு எப்படித் தெரிகிறது? அழைக்கும் ஒவ்வொரு முறையும், நாம் எழுதாத ஒரு மதிப்பு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகிறது: எந்த ஆப்ஜெக்டுக்காக அழைப்பு வந்ததோ அதன் முகவரி. மெத்தடின் உள்ளூர் இடங்களுக்கு 0, 1, 2 என்று எண் உண்டு. அந்த முகவரி எப்போதும் 0-ஆம் இடத்தில் உட்காரும். அதற்குப் பெயர்தான் ‘திஸ்’.

இந்த ஏற்பாடு ஜாவாவைவிடப் பழையது. நார்வேயின் ஆஸ்லோ நகரில், நார்வே கணினி மையத்தில், ஓலே-யோகன் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர் 1960களில் உருவாக்கிய சிமுலா மொழியில் அது வேர்விட்டது. நிஜ உலகின் நடப்புகளைக் கணினியில் நடத்திக்காட்டுவதற்கென்று பிறந்த மொழி அது. ஒரே மாதிரியான பல பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் தன் நிலை, எல்லாவற்றுக்கும் பொதுவான நடத்தை என்ற தேவையிலிருந்து 1967-இன் சிமுலாவில் கிளாஸும் ஆப்ஜெக்டும் வந்தன. ‘நியூ’, ‘திஸ்’ என்ற சொற்களும் அந்த மொழியிலேயே இருந்தன. இருவருக்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே, சில வார இடைவெளியில், இருவரும் மறைந்தார்கள்.

இனி நம் கன்ஸ்ட்ரக்டருக்கு வரலாம். அதன் 0-ஆம் இடத்தில் ‘திஸ்’, 1-இல் வந்த பெயர், 2-இல் வந்த 500. ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருந்தால் அருகில் இருப்பதையே எடுத்துக்கொள் என்பது கம்பைலரின் விதி. கன்ஸ்ட்ரக்டருக்குள் நின்று பார்த்தால் அருகில் இருப்பது உள்ளே வந்த மதிப்பு. ஆகவே ‘இருப்பு = இருப்பு’ என்ற வரியின் இரண்டு பக்கமும் அதே 2-ஆம் இடம். கம்பைலர் அதை அப்படியே பைட்கோடாக, அதாவது ஜேவிஎம்முக்கான கட்டளைகளாக, மாற்றுகிறது. ஜேவிஎம் கட்டளைகளுக்கு எண்கள் உண்டு. இந்த வரிக்குக் கிடைப்பது 28, 61 என்ற இரண்டு கட்டளைகள். 28 என்றால் 2-ஆம் இடத்திலுள்ள முழு எண்ணை எடு. 61 என்றால் கையிலிருக்கும் முழு எண்ணை 2-ஆம் இடத்தில் வை. 500 எடுக்கப்பட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கப்படுகிறது. கன்ஸ்ட்ரக்டர் முடிந்ததும் அந்த இடமும் போய்விடுகிறது.

‘திஸ்.இருப்பு = இருப்பு’ என்று எழுதினால் வரும் கட்டளைகள் வேறு: 42, 28, 181. 42 என்றால் 0-ஆம் இடத்திலுள்ள முகவரியை எடு. 28 முன்பு போலவே. 181 என்றால் அந்த முகவரியில் இருக்கும் ஆப்ஜெக்டுக்குள் எழுது. எந்த வேரியபிளில் எழுத வேண்டும் என்பது அடுத்த இரண்டு பைட்டில் இருக்கும். இந்த 181-க்குப் பெயர் ‘புட்ஃபீல்டு’. நாம் சாதாரணமாக எழுதும் ஜாவா நிரலில், இன்ஸ்டன்ஸ் வேரியபிளில் ஒரு மதிப்பு ஏற வேண்டுமானால் அது இந்தக் கட்டளை வழியாகத்தான் ஏறுகிறது. தவறான புரோகிராமில் 181 இல்லவே இல்லை. திரையில் வந்த 0 சொன்ன செய்தி அட்சரம் பிசகாமல் உண்மை.

இந்தப் பிழை மாணவர்களை இவ்வளவு அலைக்கழிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இருப்பைத் திரையில் அச்சிட்டுப் பார்க்கலாம் என்று கன்ஸ்ட்ரக்டரின் கடைசி வரியாக ஓர் அச்சுக் கட்டளையைச் சேர்ப்பார்கள். அங்கே 500 என்று சரியாகவே வரும்! வெளியே வந்து கேட்டால் 0. உள்ளே இருந்த பணம் வாசலைத் தாண்டியதும் காணாமல் போகிறது என்று தோன்றும். ஜாவா மேலேயே சந்தேகம் வரும். ஆனால் உள்ளே அச்சிடும் வரிக்கும் அதே அருகாமை விதிதான் பொருந்துகிறது. அது காட்டியது ஆப்ஜெக்டின் இருப்பை அல்ல, 2-ஆம் இடத்தின் 500-ஐ. உள்ளே இருந்து பார்க்கும்போதும் ‘திஸ்.இருப்பு’ என்று கேட்டால்தான் ஆப்ஜெக்ட் பதில் சொல்லும். பிழை தேடும்போது, எதைப் பார்க்கிறோம் என்று நினைக்கிறோமோ அதைத்தான் பார்க்கிறோமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தொடங்குபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்று. பிறந்த பிறகு மாறக் கூடாத வேரியபிளை ‘ஃபைனல்’ என்று அறிவித்துவிடுங்கள். கணக்கின் பெயர் அப்படிப்பட்டது. அறிவித்துவிட்டு ‘பெயர் = பெயர்’ என்று எழுதினால் கம்பைலர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஃபைனல் வேரியபிளுக்கு கன்ஸ்ட்ரக்டர் முடிவதற்குள் ஒருமுறை மதிப்பு கொடுத்தாக வேண்டும் என்பது விதி. இங்கே கொடுக்கவில்லை என்று அது கண்டுகொள்ளும். ஓடும்போது மௌனமாக இருந்த பிழை, ஓடுவதற்கு முன்பே வாய் திறக்கிறது. எக்லிப்ஸ் போன்ற எழுதுகருவிகள் ஃபைனல் இல்லாமலேகூட இந்த வரியின் அடியில் மஞ்சள் கோடு போட்டு, இதனால் எந்தப் பயனும் இல்லை என்று எச்சரிக்கும். அந்தக் கோட்டைப் படிக்காமல் தாண்டக் கூடாது.

எழுதப்படாத பூஜ்ஜியத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. கன்ஸ்ட்ரக்டருக்குள் ‘இன்ட் இருப்பு = 500’ என்று வகையையும் சேர்த்து எழுதினால் அது புதிதாக ஓர் உள்ளூர் வேரியபிளைப் பிறப்பிக்கும். மதிப்பு ஏதும் வாங்காத கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் ‘வாய்டு’ என்று போட்டுவிட்டால் அது கன்ஸ்ட்ரக்டராகவே இராது; அதே பெயர் கொண்ட சாதாரண மெத்தடாகிவிடும், யாரும் அழைக்காததால் ஓடவும் செய்யாது. கம்பைலர் தானாக ஒரு வெற்றுக் கன்ஸ்ட்ரக்டரைக் கொடுத்து வேலையை முடித்துவிடும்.

ஆனால் எல்லாப் பூஜ்ஜியமும் எழுதப்படாததல்ல. நூற்றுக்கு ஏழு வட்டி என்று கணக்கிட ‘7 / 100’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டும் முழு எண் என்பதால் விடையும் முழு எண்: 0. இது ஒழுங்காக எழுதப்பட்ட பூஜ்ஜியம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, வேரியபிளை அறிவிக்கும்போதே தற்காலிகமாக -999 போன்ற ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது. ஓட்டிய பிறகும் -999 இருந்தால் யாரும் அங்கே எழுதவில்லை. 0 ஆகியிருந்தால் எழுதிய கணக்கில்தான் கோளாறு.

அடுத்த வகைப் பிழையில் மதிப்பு இருக்கும், ஆனால் எல்லாருக்கும் ஒரே மதிப்பு. செல்விக்கு 500, முருகனுக்கு 800 என்று கொடுத்தும் இருவருக்கும் 800 காட்டுகிறது. கடைசியாகக் கொடுத்தது எல்லோருக்கும் ஏறியிருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, அந்த வேரியபிளுக்கு முன்னால் ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல் இருக்கும். அப்படி அறிவித்தால் ஆப்ஜெக்டுக்கு ஒன்றாக இல்லாமல் கிளாஸுக்கே ஒன்று. மெயின் மெத்தடிலிருந்து பயன்படுத்த முடியவில்லை என்று கம்பைலர் திட்டியபோது, அதை அடக்குவதற்காக மாணவர் அந்தச் சொல்லைச் சேர்த்திருப்பார். எரரைப் புரிந்துகொள்ளாமல் வாயை அடைத்தால் அது இப்படி வேறு வழியில் வந்து நிற்கும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. ஜாவாவில் ஆப்ஜெக்டைக் குறிக்கும் வேரியபிளுக்குள் இருப்பது ஆப்ஜெக்ட் அல்ல, அதன் முகவரி. ‘கணக்கு ஆ = அ’ என்று எழுதினால் நகலாவது முகவரிதான். ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி செய்தால் வீடு இரண்டாகிவிடாது. ‘ஆ’ வழியாகப் பணம் எடுத்தால் ‘அ’ வழியாகப் பார்க்கும்போதும் குறைந்திருக்கும். பத்து கணக்குகளை ஒரு பட்டியலில் சேர்க்கும் புரோகிராமில், ‘நியூ’ என்ற வரியை லூப்புக்கு வெளியே வைத்துவிட்டால் ஒரே ஆப்ஜெக்டின் முகவரி பத்து முறை பட்டியலில் ஏறும். பத்தும் கடைசி மதிப்பையே காட்டும். எந்தக் காரணம் என்று அறிய இரட்டைச் சமக்குறி போட்டு இரண்டு கணக்குகளையும் ஒப்பிடுங்கள். உண்மை என்று வந்தால் அவை ஒரே ஆப்ஜெக்ட். பொய் என்று வந்தால் ஸ்டாட்டிக் சொல்லைத் தேடுங்கள்.

சில மதிப்புகள் சரியாகத் தொடங்கி, நடுவில் எங்கோ மாறிவிடும். யார் மாற்றினார்கள்? இதற்கு அச்சிட்டுப் பார்ப்பது போதாது. டீபக்கர் என்ற கருவியில் இரண்டு விதமான நிறுத்தங்கள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட வரியில் நிறுத்துவது. ஜேவிஎம் கட்டளைப் பட்டியலில் 202-ஆம் எண் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண கிளாஸ் கோப்பில் அந்த எண் வரவே கூடாது. டீபக்கர் கேட்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் வைப்பதற்காக அது காத்திருக்கிறது. மற்றொன்று, குறிப்பிட்ட வேரியபிளில் யாராவது எழுத வந்தால் நிறுத்துவது. வாட்ச்பாயின்ட் என்பார்கள். எந்த வரி என்று தெரியாதபோது இதுதான் கைகொடுக்கும். இருப்பு மாறும் ஒவ்வொரு தருணத்திலும் புரோகிராம் நின்று, பழைய மதிப்பு இது, புதிய மதிப்பு இது, அழைத்தவர் இவர் என்று காட்டும். நம் முதல் புரோகிராமில் இதை வைத்தால் ஒருமுறைகூட நிற்காமல் ஓடி முடியும். நிற்காததே அங்கே துப்பு.

வேரியபிள்களை ‘பிரைவேட்’ என்று அறிவிக்கச் சொல்லி ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் பயனும் இங்கேதான் தெரியும். பிரைவேட் இருப்பை அந்தக் கிளாஸுக்குள் இருக்கும் மெத்தடுகள்தான் தொட முடியும். நூறு கோப்புகளில் தேட வேண்டிய குற்றவாளி ஒரே கோப்புக்குள் அடைபடுகிறார்.

‘நல்’ பற்றி ஒரு வார்த்தை. 1965-இல் அல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது இந்த வெற்று முகவரியைச் சேர்த்தவர் பிரிட்டனின் டோனி ஹோர். பிற்காலத்தில், 2009-இல், அதை நூறு கோடி டாலர் மதிப்புள்ள தவறு என்று அவரே மேடையில் சொன்னார். ‘நல்’ ஆக இருக்கும் பெயரின் நீளத்தைக் கேட்டால் ஜாவா புரோகிராம் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்று சொல்லி விழும். நெடுங்காலம் அது வரி எண்ணை மட்டும்தான் சொன்னது. ஒரே வரியில் நாலு ஆப்ஜெக்டுகள் இருந்தால் எது ‘நல்’ என்று நாமே ஊகிக்க வேண்டியிருந்தது. 2020-இல் வந்த ஜாவா 14-இல் இந்தச் செய்தியை விரிவாக்கும் வசதி சேர்ந்தது. அதே ஆண்டின் ஜாவா 15 முதல் அது தானாகவே இயங்குகிறது. திஸ்.பெயர் ‘நல்’ ஆக இருப்பதால் லெங்த் மெத்தடை அழைக்க முடியவில்லை என்று இன்று அது பெயர் சொல்லிக் கூறும். சிவப்பு எழுத்துகளைக் கண்டதும் ஜன்னலை மூடிவிடும் பழக்கத்தை விட்டு, முதல் இரண்டு வரிகளைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நம் நாட்டில் ஐசிஎஸ்இ பள்ளிகளில் ஜாவா படிக்கும் பிள்ளைகள் பலருக்கு ப்ளூஜே என்ற மென்பொருள் பழக்கமானது. மைக்கேல் கோலிங், ஜான் ரோசன்பெர்க் இருவரும் தொடங்கி 1999 முதல் புழக்கத்தில் இருக்கும் கருவி அது. அதில் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கினால் திரையின் கீழே சிவப்புப் பெட்டியாக வந்து உட்காரும். அதை இரட்டைச் சொடுக்கினால் அதன் வேரியபிள்களும் அந்தக் கணத்து மதிப்புகளும் திறந்துகொள்ளும். தொடங்குபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஜன்னல் வேறில்லை என்பது என் முடிவு. ஆனால் அதைத் திறந்தே பார்க்காமல், அவுட்புட் வந்துவிட்டதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மாணவர் 0-வோடு வந்து நின்றால் உடனே ‘திஸ்’ போடச் சொல்லாதீர்கள். இந்த எண்ணை யாராவது எழுதினார்களா, அல்லது பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலை அவரே தேடட்டும். படிப்பவர்களுக்கு: உங்கள் கணினியில் ஜாவா கம்பைலர் இருந்தால் அதனோடு ‘ஜாவாப்’ என்ற சிறு கருவியும் வந்திருக்கும். ‘-c’ என்று சேர்த்து ஓட்டினால், கிளாஸ் கோப்புக்குள் இருக்கும் பைட்கோடை அது விரித்துக் காட்டும். மேலே உள்ள கணக்கு கிளாஸை ‘திஸ்’ இல்லாமல் ஒருமுறையும் ‘திஸ்’ சேர்த்து ஒருமுறையும் கம்பைல் செய்து, இரண்டையும் அதில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் புட்ஃபீல்டு இரண்டு முறை வரும். மற்றதில் ஒருமுறைகூட வராது.